பார்க்க வேண்டிய இடங்கள்

திருவண்ணாமலையில் வீடு வைத்துக்கொண்டிருப்பவனுக்கு விருந்தாளிகளால் குறைவு வராது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது ஒருவர் பையும் கையுமாக வந்து இறங்குவார். காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் அவர் கேட்கப்போகிற கேள்வி எனக்கு மனப்பாடம். "இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் என்னென்ன?"

நானும் ஒப்பித்துவிடுவேன். ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை, கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. ஆயிரங்கால் மண்டபம். அதற்குள்ளே பாதாள லிங்கம்; இளம் வயதில் ரமணர் உடல் நினைவே இல்லாமல் உட்கார்ந்திருந்த குழி அது. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி எட்டு லிங்கங்கள். கார்த்திகை என்றால் 2,668 அடி உச்சியில் கொப்பரை தீபம். இவ்வளவையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு இரவு பஸ்ஸைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? சாமர்செட் மாம் 1938-ல் இதே ஊருக்கு வந்து, ஆசிரமத்தில் மயக்கம் போட்டு விழுந்து, சில மணி நேரத்தில் திரும்பிப் போனார். 1944-ல் அவர் வெளியிட்ட 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் அந்தச் சில மணி நேரத்தின் சாயல் இருக்கிறது. நாவலாசிரியர்களின் சாமர்த்தியம் அப்படி! இதே ஊரில் வருஷக்கணக்கில் இருந்துகொண்டு என்னால் அந்த மாதிரி ஒரு நாவல் எழுத முடியவில்லை என்பது வேறு சமாசாரம்.

ஆனால் பட்டியல் என்பது விபரீதமான வஸ்து. எதை வேண்டுமானாலும் அதில் சேர்த்துவிடலாம். 2024 டிசம்பர் முதல் தேதி, புயல் மழையில் மலைச் சரிவு இடிந்து, அடிவாரத்து வீடு ஒன்றின்மேல் விழுந்தது. ஏழு பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து அதே மலையின் உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அந்த வருஷம் பக்தர்களை மலை ஏற விடவில்லை. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, ஓர் ஆட்டோக்காரர் வெளியூர்க்காரர்களுக்கு ஊரைக் காட்டிக்கொண்டே போனவர், "அதோ, அங்கேதான் மண் சரிஞ்சது" என்று கையை நீட்டினார். வண்டியில் இருந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஆட்டோக்காரர் பிழைப்புக்காகச் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

பட்டியலோடு வந்தவர்களில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாயாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பம்பாயில், மாடுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உழைத்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு. அத்தை காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. காதில் ஒரு கருவி. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம். ஒர்க்‌ஷாப் பழக்கமோ என்னவோ, ஒவ்வோர் இடத்தையும் பார்த்து முடித்ததும் பேனாவை எடுத்து அதன் எதிரே ஒரு கோடு போட்டுவிடுவார்.

"அஞ்சு முடிஞ்சுது, மாப்பிள்ளை" என்பார்.

கந்தாசிரமத்துக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. கைத்தடியை ஊன்றி, படிக்குப் படி நின்று, ஏறிவிட்டார். அந்தப் பாதையில் ஓரிடத்தில் மரங்கள் விலகி, கோயில் முழுவதும் காலடியில் கிடக்கும். ஒன்பது கோபுரங்களையும் ஒருசேர எண்ணிவிடலாம். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது மிரட்டுகிற ராஜகோபுரம், அங்கிருந்து பார்த்தால் நவராத்திரிக் கொலுவில் வைத்த பொம்மை மாதிரி சாதுவாக இருக்கும். மாமா அதையெல்லாம் சாவதானமாகப் பார்த்தார். உள்ளே போனதும், ரமணரின் தாயார் அழகம்மாள் அங்கே மகனோடு இருந்த கதையைச் சொன்னேன். 1896-ல் பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டான். தாயார் தேடி வந்து அழுதபோதும் திரும்பிப் போகவில்லை. கடைசியில் தாயார்தான் மகனிடமே வந்து சேர்ந்தாள். 1922-ல் அவள் உயிர் பிரியும்போது, ஒரு கையை அவள் தலையிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் மகன். அவளை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்திருக்கிறது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தையும் எடுக்கவில்லை. இறங்கும்போது பாதி வழியில், "எங்கேயோ ஓடிப்போனவன், கடைசியிலே பக்கத்துல இருந்தானே" என்றார். நான் பதில் பேசாமல் நடந்தேன்.

மறுநாள் கோயிலில், ராஜகோபுரத்தைத் தாண்டி அடுத்த கோபுரத்து நிழலில் உட்கார்ந்தோம். அது அவருடைய காகிதத்தில் இல்லை. "இது என்ன கோபுரம்?" என்று கேட்டார்.

வல்லாள கோபுரம், கட்டியவர் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர். துவாரசமுத்திரத்தை 1311-ல் மாலிக் காபூரின் படையும், 1327-ல் மறுபடி டில்லிப் படையும் சூறையாடிய பிறகு, அவர் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். ஊர்க் கதை அவரைப் பற்றிச் சொல்வது இது: மன்னருக்குப் பிள்ளை இல்லை. சிவபெருமான் அடியாராக வந்து, இன்றிரவு எனக்கு ஒரு பெண் வேண்டும் என்று கேட்கிறார். கேட்டது இல்லையென்று சொல்லாத மன்னர், ஊரில் கணிகையர் யாரும் கிடைக்காமல், இளைய ராணி சல்லமா தேவியையே அனுப்புகிறார். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். மன்னர் எடுக்க வருவதற்குள் குழந்தை மறைந்து, 'உனக்கு மகனாக இருந்து ஈமக் கடன் செய்வோம்' என்று வாக்குக் கிடைக்கிறது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வருகிற கதைதான். முற்பாதி எனக்கு உவப்பானதல்ல. கொடை வள்ளல் என்ற பெயர் மன்னருக்கு, சோதனை ராணிக்கு.

பிற்பாதிதான் என்னை உலுக்குவது. ஏனென்றால் அந்த வாக்கு இன்றும் நடக்கிறது. தைப்பூசத்தன்று சுவாமி ஈசானியக் குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். அங்கிருந்து வருகிற வழியில், மன்னர் போரில் மாண்ட செய்தி சுவாமிக்குச் சொல்லப்படுகிறது. போகும்போது இருந்த மேளமும் தாளமும் திரும்பும்போது இல்லை. அடுத்த மாதம் மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குச் சுவாமி எழுந்தருளி, தகப்பனுக்கு மகன் செய்வதுபோல் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார்.

சரித்திரம் சொல்வது வேறு. வல்லாளருக்கு மகன் உண்டு. தந்தைக்குப் பின் சில காலம் பட்டத்திலும் இருந்தான். ஆனால் தந்தையின் முடிவு கொடுமையானது. ஐம்பது ஆண்டு சிங்காசனத்தில் இருந்த அந்தக் கிழவரை, 1342-ஐ ஒட்டி நடந்த கண்ணனூர்ப் போரில் மதுரை சுல்தான் பிடித்தான். கொன்று, தோலை உரித்து, வைக்கோலைத் திணித்து மதுரை மதில்மேல் தொங்கவிட்டான். அப்படித் தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஊர் ஊராக அலைந்தவர் கண்ணில் அதுவும் பட்டது.

இதற்கு மேல் நான் சொல்வது ஊகம். மகன் இருந்தும் என்ன பயன்? கொள்ளி வைக்க உடம்பு இல்லை. அந்த வேதனையை இந்த ஊர் ஜனங்களால் செரித்துக்கொள்ள முடியவில்லை. சாமானிய மகனால் செய்ய முடியாத கடனைச் செய்ய, சாமியையே மகனாக்கிவிட்டார்கள். பிள்ளையில்லாத ராஜா என்று கதை கட்டியது அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"உடம்பே கிடைக்காதவனுக்கா இத்தனை நூறு வருஷமா?" என்றார் மாமா. பிறகு, "மாசி மகம் என்னிக்கு வருது?" என்று கேட்டார்.

ஊருக்குப் போய்விட்டு, மாசியில் திரும்பி வந்தார். இந்தத் தடவை காகிதம் இல்லை. பள்ளிகொண்டாப்பட்டுக் கரையில் சரியான கூட்டம். தங்கள் பெரியவர்களுக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு பக்கம், பொரியும் பலூனும் விற்கிறவர்கள் ஒரு பக்கம். அத்தைக்காக முழுக்குப் போடப் போன மாமா, காதுக் கருவி நனைந்துவிடுமென்று கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அவர் தலை துவட்டி மேலே ஏறி வருவதற்குள் சுவாமிக்கு முன்னால் சிவாச்சாரியார்கள் மந்திரம் தொடங்கிவிட்டார்கள். ஈர வேட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். கண்ணெடுக்காமல் அவர்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கருவியைக் காதில் பொருத்தியபோது எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது.

"பேரைச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க, மாமா."

"எனக்குக் கேட்கலே" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த வருஷமும் சொல்லுவாங்க, இல்லே?"