விரல் கணக்கும் விண்கோளும்

நடுவானில் ஆபத்து நேர்ந்தால் விமானிக்கு முதலில் தேவைப்படுவது எது? துணிவு என்பார்கள் நண்பர்கள். "நான் இப்போது எங்கே இருக்கிறேன்?" என்ற கேள்விக்கு விடைதான் முதல் தேவை என்பேன் நான்.

1978 டிசம்பரில் சிறிய செஸ்னா விமானமொன்றில் பசிபிக் கடல் மீது தனியே பறந்த விமானி ஒருவர், நார்போக் தீவைக் காணாமல் வழி தவறினார். திசை காட்டும் வானொலிக் கருவி பழுது. கீழே எங்கும் நீர். ஆக்லாந்து நோக்கிப் பயணிகளுடன் பறந்த ஏர் நியூசிலாந்து டி.சி.-10 விமானத்தின் தலைமை விமானி கார்டன் வெட் உதவ முன்வந்தார். தொடுவானத்துக்கு மேல் சூரியன் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று, கையை நீட்டி அளக்கச் சொன்னார். தாமும் அளந்தார். நீட்டிய கையில் ஒரு விரல் ஏறக்குறைய 2 பாகை. சூரியன் இருக்கும் திசையில் ஒரு பாகை வேறுபாடு 60 கடல் மைல் அல்லவா! சூரியன் மறைந்த நேரத்தையும் வானொலி எட்டிய தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இடத்தை நெருங்கினார்கள். 23 மணி நேரத்துக்கு மேல் பறந்து அந்தச் செஸ்னா தரையிறங்கியது.

முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் விண்ணில் ஏறியதும் அதே 1978-இல்தான். இன்று விமானி அறையிலுள்ள கருவி, நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் கிடைத்தால் இடத்தைச் சொல்லிவிடுகிறது. 'அருகிலுள்ளவை' என்ற பொத்தானை அழுத்தினால் பக்கத்து விமான நிலையங்களின் திசையும் தூரமும் திரையில் வருகின்றன. எஞ்சின் நின்றவர் வரைபடத்தை விரித்துத் தேட வேண்டியதில்லை. கண்ணும் கையும் விமானத்தைக் கவனிக்கலாம். இதுவே பெரிய உதவி என்பது என் கருத்து.

ஆனால் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. அதைத் தடுக்கவும் முடியும், பொய் அலை அனுப்பி ஏமாற்றவும் முடியும். போர் நடக்கும் பகுதிகளின் அருகே பயணிகள் விமானங்களுக்கே அண்மை ஆண்டுகளில் இது நேர்ந்திருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போன என் அப்பாவின் படகிலும் ஜி.பி.எஸ். உண்டு. ஆனாலும் கரையின் கோபுரத்தையும் மலையையும் நேர்கோட்டில் வைத்து இடம் பார்ப்பதை அவர் விடவில்லை. கேட்டால், "பேட்டரி போச்சுன்னா?" என்பார். விடுமுறையில் வெட்டின் கதையைச் சொன்னேன். கையைச் சூரியன் பக்கம் நீட்டி, "நம்ம விரலும் ரெண்டு பாகைதானா?" என்றார். விரலின் அகலத்தையும் கையின் நீளத்தையும் அளந்து வகுத்துப் பார்த்தோம். வலை இழுத்துத் தடித்த விரல். இரண்டுக்குச் சற்று மேலேயே வந்தது.