சித்தப்பாவின் கையொப்பம்

தமிழில் ‘மச்சான்’ என்ற ஒரே சொல்லால் நாம் அழைக்கும் இருவரைக் கனடாவின் வரிச் சட்டம் இரு வேறு மனிதர்களாகக் காண்கிறது. மனைவியின் தம்பி அதற்கு உறவினர். மாமன் மகன் அந்நியர். பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை, அத்துணையின் வழி வருவோர் என ஒரு சிறு வட்டத்தை வரைந்துவிட்டுச் சட்டம் நின்றுவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட சகோதரர் எல்லோரும் வட்டத்துக்கு வெளியே. என் தம்பி ரொறன்ரோவின் கிழக்குப் புறத்தில் புது வீடு வாங்காதிருந்தால் இதை ஒரு சொல்லாராய்ச்சிச் சுவாரசியமாக மட்டுமே நான் அறிந்திருப்பேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கினால் பொதுவாக விற்பனை வரி கிடையாது. கட்டுமான நிறுவனத்திடம் புது வீடு வாங்கினால் உண்டு. 1991இல் 7 வீதமாக அறிமுகமான கூட்டாட்சி அரசின் பொருள் சேவை வரி, 2008 முதல் 5 வீதம். 2010 ஜூலையில் ஒன்ராறியோ மாகாணம் தன் 8 வீதத்தை அதனோடு இணைத்ததால் மொத்தம் 13 வீதமாயிற்று. குடியிருப்பதற்காக வாங்குகிறவருக்கு இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. கூட்டாட்சிப் பங்கில் 36 வீதம், உச்சம் 6,300 டொலர். ஆனால் வீட்டின் விலை 350,000 டொலரைத் தாண்டினால் அத்தொகை தேயத் தொடங்கி 450,000இல் முற்றாக மறைந்துவிடும். 1991இல் வகுத்த இந்த எல்லைகளை இந்த மீளளிப்பில் எவரும் உயர்த்தவில்லை. மாகாணப் பங்கில் முக்கால்வாசி கிடைக்கும். அதன் உச்சம் 24,000 டொலர். அதற்கு விலை எல்லை இல்லை.

பெரும்பாலானோர் இத்தொகையைக் கண்ணால் காண்பதேயில்லை. நிறுவனம் அறிவிக்கும் விலையிலேயே அதைக் கழித்துவிடுகிறது. வாங்குகிறவர் தன் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்து ஒரு படிவத்தில் ஒப்பமிடுகிறார். சட்டத்தரணி நீட்டும் தாள் கட்டில் அதுவும் ஒன்று. தனக்கு 24,000 டொலர் கிடைத்தது என்பதையே ஒருவர் அறிவது, அதைத் திருப்பிக் கேட்கும்போதுதான்.

என் தம்பி 2017இல் ஒப்பந்தம் செய்தான். விலை ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். இரவு வேலைக்காரன், அவன் வருமானம் மட்டும் வங்கிக்குப் போதவில்லை. இன்னொருவர் கையொப்பம் வேண்டுமென்றார்கள். அப்பா இல்லாத வீட்டில் யாரைக் கேட்பது என்ற யோசனைக்கே இடமில்லை. சித்தப்பா வந்தார், பேனாவை வாங்கினார், ஒப்பமிட்டார். எங்களைக் கொழும்பில் தங்கவைத்து, காசு கட்டி, ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டவர் அவர். ஒப்பந்தத்தில் வாங்குபவர்கள் இருவர் என்று பதிவாயிற்று. அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் குடியிருக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீடு கைக்கு வந்து ஒன்றரை ஆண்டில் கடிதம் வந்தது. வாங்குபவர் ஒவ்வொருவரும் அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது அவருடைய உறவினர் குடியிருக்க வேண்டும். இரண்டாமவர் குடியிருக்கவுமில்லை, குடியிருப்பவருக்கு உறவினருமல்லர். ஆகவே 24,000 டொலரையும் வட்டியையும் செலுத்துக. ‘உறவினரல்லர்’ என்ற அந்த வரியைச் சித்தப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

தொண்ணூறு நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தோம். அதற்குள் இதே போன்றதொரு வழக்கு எங்களுக்கு முன்னே நடந்து முடிந்திருந்தது. வங்கிக் கடனுக்காக நண்பர் ஒருவரை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டவர் வரி நீதிமன்றத்தில் வென்றார். 2018இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இருவர் வாங்கினால் நிபந்தனை இருவருக்கும் பொருந்தும் என்பதே சட்டத்தின் சொற்கள் என்றது பெரும்பான்மை. ஒரு நீதிபதி உடன்படவில்லை. எங்கள் ஆட்சேபம் அந்தத் தீர்ப்பின் பெயரால் தள்ளுபடியாயிற்று.

பணத்தைத் தம்பி தவணையாகக் கட்டினான். பாதியைத் தான் தருவேனென்று சித்தப்பா நின்றார். தம்பி வாங்க மறுத்தான். மறுத்தது மரியாதையால்தான். ஆனால் சித்தப்பாவுக்கு அது வேறுவிதமாகப் பட்டது. தன் கையொப்பம் பிள்ளைக்கு நட்டத்தைக் கொண்டுவந்தது, ஈடு செய்யவும் தன்னை விடவில்லை என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய ஓராண்டு அவர் அந்த வீட்டுப் படியேறவில்லை. பொங்கலுக்கு அழைத்தபோது முழங்கால் வலியைச் சொன்னார். கோபமென்றால் சமாதானம் பேசியிருக்கலாம். வெட்கத்தோடு எப்படிப் பேசுவது?

2021இல் சட்டம் திருந்தியது. வாங்குபவர்களில் யாரேனும் ஒருவர், அல்லது அவருடைய உறவினர், குடியிருந்தால் போதும் என்றாயிற்று. ஆனால் 2021 ஏப்ரல் 19க்குப் பிறகு செய்த ஒப்பந்தங்களுக்கு மட்டுமே. செய்தியை நான் சொன்னபோது சித்தப்பா கேட்டது எங்கள் பணம் திரும்புமா என்றல்ல. “அப்ப இனி சித்தப்பாமார் கையெழுத்து வைக்கலாமோ?” என்றுதான் கேட்டார்.

வைக்கலாம். ஆனாலும் வீடு வாங்க நினைப்போருக்குச் சில சொல்ல வேண்டும். கடனுக்குப் பிணை நிற்பதும் வீட்டை வாங்குபவராகப் பெயர் சேர்ப்பதும் ஒன்றல்ல. பிணை மட்டும் போதுமா என்று வங்கியிடம் முதலில் கேளுங்கள். வாடகைக்கு விடுவதற்காக வாங்கினால் வரியை முழுதாகக் கட்டிவிட்டு, வேறொரு படிவத்தில், குறைந்தது ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தோடு, இரண்டு ஆண்டுகளுக்குள் மீளக் கோர வேண்டும். விற்பனைக் கூடத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சித்தப்பா இப்போது அந்த வீட்டுக்கு வருகிறார். சென்ற கோடையில் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் நட்டுக் கொடுத்தார். பத்திரத்தில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. கடனைப் புதுப்பிக்கும்போது எடுத்துவிடலாம் என்று வங்கிக்காரர் சொன்னார். இருக்கட்டும் என்றான் தம்பி.