முதுகு பத்திரம் தம்பிமாரே

பொக்சிங் குத்து கையில பொறக்கிறதில்ல தம்பி. பாதத்துல பொறக்குது.

பின்னங்கால் குதிகால் திரும்பணும்.
கூடவே இடுப்பும் தோளும் ஒண்ணாத் திரும்பணும்.
கால ஊனிக்கிட்டு ஒடம்ப மட்டும் முறுக்குனா முழுப் பாரமும் கீழ் முதுகுக்குத்தான்.
அங்க உள்ள முதுகெலும்புங்க நல்லா குனியும், நிமிரும். முறுக்கிக்க ரொம்பக் கொஞ்சம்தான் எடம்.

பசறையில லயத்துப் பக்கம் பொடியன்மார் உர பேக்குல மணல அடைச்சு, மரத்துல கட்டிக் குத்துறாங்க. பாக்க அவ்வளவு சந்தோஷம்! ஆனா ஒரு தம்பி இடுப்பப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான். மனசு கேக்கல.

மணல் அடியில எறங்கி கல்லாயிரும். பழந்துணி அடைங்க.
எட்ட நின்னு சாஞ்சு குத்தாதீங்க, கிட்டப் போங்க.
குத்தும்போது வயித்த இறுக்கி மூச்ச விடுங்க.
களைச்சா நிப்பாட்டுங்க.

கொழுந்து சுமந்தே நம்ம அம்மாமாருக்கு முதுகு போச்சு. புள்ளைகளுக்கும் இந்த வயசுல அது வேணாம்.

2008ல நம்ம நாட்டு அநுருத்த ரத்நாயக்க பொக்சிங்குக்காக பீஜிங் ஒலிம்பிக் போனாரு. நம்ம தோட்டத்துலருந்தும் ஒருத்தன் போகணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

பதுளைப் பக்கம் பொக்சிங் பழகினவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரு ஞாயித்துக்கிழம பசறைக்கு வர முடியுமா?