மந்தகதி

இராஜபாளையத்தில் பஞ்சு புகாத இடம் ஒன்று உண்டென்று எவரேனும் சொன்னால் நான் அதைச் சுலபத்தில் நம்பமாட்டேன். 1936-ஆம் வருஷம் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இங்கே நூற்பாலையை நிறுவிய காலந்தொட்டு ஊரின் ஜீவனம் பஞ்சையும் நூலையும் பற்றிக்கொண்டே வளர்ந்து வந்திருக்கிறது. நகரத்தின் நடுவே ஜனங்கள் பஸ்ஸுக்காக நிற்கும் இடத்துக்குப் பெயரே பஞ்சு மார்க்கெட். பக்கத்துச் சத்திரப்பட்டியிலோ, ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை விசைத்தறிகள் ஓயாமல் நெய்து தள்ளுகின்றன. இவ்வளவு பஞ்சின் பிசிறும் ஆடிக்காற்றில் மிதந்து வந்து, மேஜைக்கடியில் நாம் மறந்துபோய் வைத்திருக்கும் கணினிப் பெட்டிக்குள்ளும் குடியேறி, அதன் வேகத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துவிடுகிறது என்பதை, யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வைரஸைச் சபித்துக்கொண்டிருக்கும் நண்பர்களில் வெகு சிலரே அறிவார்கள்.

கணினி மந்தமாகிவிட்டால் நம்மவர் முதலில் சொல்லும் காரணம் வைரஸ். அது இல்லையென்று நிரூபணமானால் வயது. பரிகாரமும் கைவசம் இருக்கிறது. “பார்மட் அடிச்சிட்டா பறக்கும், அண்ணாச்சி” என்று பழுது பார்க்க வரும் தம்பி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. என் அபிப்பிராயம் வேறு. பெட்டிக்குள் இருக்கும் உறுப்புகள் யாவும் ஒரே நாளில் கிழடு தட்டிப் போய்விடுவதில்லை. பிராசஸர், ரேம், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று பின்தங்கிவிட, மற்றவை அதன் வரவை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கின்றன. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வைத்தியம் முடிந்தது. அதற்குக் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு சிநேகிதரின் அலுவலக அறைக் கணினி, காலையில் சமர்த்தாக வேலை செய்துவிட்டு, மத்தியானத்துக்குள் டேலி என்னும் கணக்கு நிரலில் ஒரு பில் போடுவதற்கே தவித்துப் போகும். வைரஸுக்குக் காலையென்றும் மத்தியானமென்றும் பேதம் கிடையாது. நேரத்தோடு ஏறும் நோய் உஷ்ணந்தான் என்பது பெட்டியைத் திறக்குமுன்பே ஒருவாறு விளங்கிவிட்டது. திறந்து பார்த்தால், பிராசஸரின் தலைமேல் இருக்கும் விசிறிக்கும், ஹீட் சிங்க் என்கிற அலுமினியத் தகடுகளுக்கும் இடையில், மெத்தைக்காரர் அடித்து வைத்தாற்போலப் பஞ்சு ஒரு பாளமாகப் படிந்திருந்தது. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. காற்று மட்டும் தகடுகளை எட்டவில்லை. பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி செல்ஸியஸை நெருங்கும்போது, தாம் எரிந்து போகாமல் இருப்பதற்காகத் தம்முடைய கதியைத் தாமே குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நாம் மந்தமென்று ஏசுவது, அந்தச் சில்லு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் பிரயத்தனமாகவும் இருக்கலாம்.

மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், விசிறி தறிகெட்டுச் சுழன்றுவிடாதபடி அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷினாலும் ஊதுகுழல் யந்திரத்தாலும் பஞ்சை அகற்றினோம். பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்ததால், அதைத் துடைத்துவிட்டுப் புதுப்பசையைப் பட்டாணியளவு வைத்தோம். அதன் பிறகு மத்தியான வியாதி வரவில்லை. நூற்பாலைகளில் ரிங் பிரேம்களுக்கு மேலே தண்டவாளம் கட்டி, போவதும் வருவதுமாகப் பிசிறை ஊதித் தள்ளுவதற்கென்றே ஒரு யந்திரத்தை வைத்திருக்கிறார்கள். கதிர்களுக்குக் கிடைக்கும் இந்த உபசாரத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் ஆபீஸ் கணினிக்குக் கிடைத்தால் போதும். சிநேகிதரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, தம் தறியில் நெய்த பேண்டேஜ் துணியையே ஒரு துண்டு கிழித்து, பெட்டி காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தின்மேல் ஒட்டிவிட்டார். வாரந்தோறும் அலசிப் போடுவதாக இருந்தால் அது உத்தமமான யோசனைதான். அலசாமல் விட்டால், உள்ளே அடைத்த பஞ்சு வெளியே அடைக்கும், அவ்வளவே.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் அந்த ஊரில் நான் பார்த்த மந்தம் முற்றிலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. ஆண்டாள் கோவிலுக்குச் சமீபத்தில், கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீஸும் தயாரிக்கும் ஒரு டி.டி.பி. கடையில், காலையில் கணினியைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துத் திரும்பினாலும் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு நிரல் திறந்திருக்காது. பெட்டி சில்லென்று இருந்தது, பஞ்சும் இல்லை. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், பிராசஸர் ஏறக்குறையச் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறு சதவிகிதத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இதில் பாதி, தமிழ் எழுத்துருக்களின் சரித்திரம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டு எழுத்துரு விற்ற காலம் ஒன்று இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. 2010-இல் யூனிகோடை ஏற்று அரசாணையும் பிறந்தது. எனினும், 2001-இல் வெளியான ஏழாம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கரில் பழகிய கைகள், பழைய எழுத்துருக்களை விட்டு எப்படி வரும்? போன தலைமுறையில் அச்சடித்த பத்திரிகையின் மாதிரியைக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் வந்தால், அந்தப் பழைய எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறக்கும்போது பெண்ணின் பெயரும் பிள்ளையின் பெயரும் புரியாத கிறுக்கல்களாகத்தான் தெரியும். எனவே கடைக்காரர் கிடைத்த எழுத்துருக்கள் அனைத்தையும் நிரந்தரமாக ஏற்றி வைத்திருந்தார். பேஜ்மேக்கரும் ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் தட்டி எழுப்பித் தலை எண்ணிவிட்டுத்தான் வேலையில் இறங்கிற்று.

மற்றப் பாதி ஹார்டு டிஸ்க்கின் கணிதம். நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8 மில்லி செகண்டுக்குச் சற்று மேல் ஆகும்; படிக்கும் ஊசி உரிய தடத்துக்கு நகர்வதற்கு ஏறத்தாழ அதே நேரம்; வேண்டிய இடம் சுழன்று வந்து சேர்வதற்குச் சராசரியில் அரைச் சுற்று. எல்லாம் கூடி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு கோப்புகளை ஒரு செகண்டில் எண்பது தடவை எடுத்தால் அதிகம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இதே காரியம் ஒரு மில்லி செகண்டின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. ஆடிப்பூரத்தன்று ஓடும் ஆண்டாள் தேர், மரச்சக்கரங்களோடு இருந்த காலத்தில் நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் பிடித்தது என்றும், இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பின்பே அன்றைக்கன்றே சேர்கிறதென்றும் அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தேர் அதே தேர்தான்.

டிஸ்க்கை மாற்றுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதைச் செய்யாமல் வேறெதையும் தொடவே கூடாது என்பேன். சேமித்தவற்றையெல்லாம் வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். திடீர் திடீரென்று கரண்ட் போய் அடிபட்ட ஹார்டு டிஸ்க், பழுதான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதாலும் மெதுவாகும். அப்படிப்பட்ட டிஸ்க்கை வைத்துக்கொண்டு ‘பார்மட்’ அடிக்கப் போனால் கணக்கும் போயிற்று, பத்திரிகைகளும் போயின. பார்மட் அடித்ததும் சில காலம் வேகம் கூடுவது உண்மையே. கணினி விழிக்கும்போதே கூட விழித்துக்கொள்ளும் அனாவசியமான நிரல்கள் ஒழிவதனால் வந்த வேகம் அது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் அவற்றை நிறுத்தினால் அதே பலன் கிட்டும். ‘கிளீனர்’ என்று விளம்பரம் செய்துகொண்டு வரும் இலவச நிரல்களும், இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருங்கே ஏற்றி வைப்பதும், நான் பார்த்தவரையில், யந்திரத்துக்குச் சுமை கூட்டியதைத் தவிர வேறு உபகாரம் செய்ததில்லை. ரேம் 4 ஜி.பி.யாக இருந்தால் அதை 8 ஆக்குவது மட்டும் செலவிட்ட காசுக்கு ஈடான காரியம். ரேமில் இடம் போதாதபோது மிஞ்சியவை டிஸ்க்குக்குத்தான் போகும், டிஸ்க்கின் சமாசாரம் முன்பே பார்த்தோம்.

எழுத்துருக்களில் அன்றாடம் வேண்டியவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கி, எஸ்.எஸ்.டி.யையும் பொருத்தியபின், டீ வருவதற்குள் பேஜ்மேக்கர் திறந்தது. ஆனால் இன்னொரு தொல்லை பாக்கி. மென்பொருள் கனத்துப்போகும் வேகத்துக்கு வன்பொருளின் முன்னேற்றம் ஈடுகொடுக்க முடியவில்லை என்று, பாஸ்கல் மொழியை வகுத்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே ஒரு கட்டுரையில் குறைப்பட்டார். அந்தப் பெட்டியில் ஓடிய விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 சில்லும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் பிராசஸரும் வேண்டுமென்கிறது. கடைக்காரரின் பெட்டி அதற்குத் தகுதி பெறவில்லை. நேற்றுத்தான் வேகம் பெற்ற யந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பத்திரிகை வேலைக்கென்றே அதை வைத்துக்கொள்வதென்றும், வாடிக்கையாளருக்கு அனுப்புவதையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வேறொரு கணினி வழியாக அனுப்புவதென்றும் முடிவாயிற்று. அந்தப் பென்டிரைவைக் கண்ட கண்ட யந்திரங்களில் செருகவேண்டாமென்று விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை கேட்டுக் கடை வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தபடியால், அதைக் கேட்க அவருக்கு அவகாசமில்லை.