கடைசி வரி மட்டும் நிஜம்

மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக்கு நான் கொடுத்த டிகிரிப் பட்டியல் பொய். அதை எழுதியது கம்ப்யூட்டர்தான். எழுதச் சொன்னது நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஊர் கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே அளம் வைத்திருப்பவர் எனக்குப் பெரியப்பா முறை. பாத்தித் தண்ணீர் எத்தனை டிகிரி என்பதுதான் அவருடைய தொழிலே. கடல்தண்ணீர் சுமார் மூன்று டிகிரி இருக்கும். வெயிலில் வற்றி வற்றி 25 தொடும்போது உப்பு உட்காரத் தொடங்கும். 29, 30 தாண்டினால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். இந்த அளவை 1768இல் வகுத்தவர் போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அளத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வேண்டாம், டிகிரி என்றால் போதும். பெரியப்பா கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார், சாயங்காலம் நோட்டில் எழுதுவார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தும் சொல்வார், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்த நோட்டை நிறுத்தியது நான்தான்.

"இனிமே எதுக்குப் பெரியப்பா நோட்டு? எல்லாம் ஃபைல்ல ஏறிடும்."

மோட்டார் கொட்டகையில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தேன். எடை பார்க்கும் சென்சாரில் ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிட்டுப் பாத்தித் தண்ணீரில் மூழ்க வைத்தேன். தண்ணீர் கனக்கக் கனக்க குண்டு இலேசாகக் காட்டும். அதிலிருந்து அடர்த்தி, 145ஐ அடர்த்தியால் வகுத்து, வந்ததை 145இலிருந்து கழித்தால் டிகிரி. பைத்தானில் ஒரு வைல் லூப். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அளந்து, திரையில் காட்டி, டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி எழுதும். திரையில் எண்கள் ஓடுவதைப் பெரியப்பா ஆள் கூட்டி வந்து காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தவறு ஒரே எழுத்தில் இருந்தது. ஃபைலைத் திறக்கும் வரியை லூப்புக்கு உள்ளே வைத்து, 'டபிள்யூ' என்று கொடுத்திருந்தேன். அப்படித் திறந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் பைத்தான் எழுதத் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சிலேட்டை அழித்து அழித்து எழுதியது போல ஆகிவிட்டது. 'ஏ' போட்டிருந்தால் பழைய வரிக்குக் கீழே புதிய வரி சேர்ந்திருக்கும். பைத்தான் படிக்கிற பையன்கள் முதல் வாரத்தில் செய்கிற பிழை இது. நான் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்.

போகும்போதெல்லாம் ஃபைலைப் பார்க்கத்தான் செய்தேன். திறந்து பார்க்கவில்லை. கடைசியாக மாறிய நேரம் புதிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன், எப்போதும் புதிதாகவே இருந்தது. பக்கத்திலேயே ஃபைலின் அளவும் இருக்கும். மாதக்கணக்காக ஓடியும் அது முப்பது பைட்டைத் தாண்டவில்லை. கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

2024 அக்டோபரில் மழை இறங்கியதும் கருவியைக் கழற்றி வந்தேன். ஃபைலைத் திறந்தால் ஒரே வரி. ஒரு பருவம் முழுக்க அளந்ததில் மிச்சம் அவ்வளவுதான். இதுவரை நடந்தது பிழை, இதற்காக நான் வெட்கப்படலாம், அவ்வளவே. இனி வருவதுதான் குற்றம்.

நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பாத்திகளில் வெள்ளம் ஏறி வரப்புகள் கரைந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டிய நிலையில் பெரியப்பா கேட்டார், "தம்பி, போன வருசம் தண்ணி விட்டு எத்தன நாள்ல இருபத்தஞ்சு தொட்டுச்சு? அந்த லிஸ்ட்ட எடுத்துக் குடு. ஆள் சொல்லணும்."

அன்று இரவு இன்னொரு லூப் எழுதினேன். பதினெட்டில் தொடங்கி இருபத்தெட்டு வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ராண்டமாகச் சிறிது கூட்டிக் குறைத்து, பிறகு மறுபடி பதினெட்டு. இந்த முறை 'ஏ' என்று மறக்காமல் போட்டேன். மின்சாரம் போனால் ஃபைலில் இன்னும் ஏறாத வரிகள் தொலையக்கூடாது என்று ஒவ்வொரு வரிக்கும் ஃபைலை மூடினேன். பொய் எழுதிய புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை.

பெரியப்பா அச்செடுத்த தாளை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "மே மாசம் அன்னிக்கு மழையாச்சே. பாத்தியில மழத்தண்ணி நின்னுது. டிகிரி எப்படி ஏறும்?"

அப்போது சொல்லியிருக்கலாம். "சென்சார் தப்பாக் காட்டியிருக்கும் பெரியப்பா" என்றேன். அந்தச் சென்சார் பருவம் முழுக்க ஒழுங்காக வேலை செய்தது. அவர் அந்த நாளை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு மற்றதை நம்பினார். ராத்திரியில் வெயில் கிடையாது, என் பட்டியலில் ராத்திரியிலும் டிகிரி ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. கவனித்தாலும் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

பட்டியலை நம்பி நாள் குறித்தார். உப்பு வாரப் பெண்கள் விடியலில் வந்து நின்றார்கள். குழாயை விட்டுப் பார்த்தால் இருபத்தொன்று. கூலி இல்லாமல் திரும்பிப் போனார்கள். "வெயில் பத்தலடா" என்று பெரியப்பா எனக்கே சமாதானம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது எழுதக் காரணம், அந்தத் தாளை நகல் எடுத்து அவர் அக்கம்பக்கத்து உப்பளக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறார் என்று தெரிய வந்ததுதான். பெரியப்பாவிடம் நேரில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள், அதை வைத்து ஆள் சொல்லாதீர்கள். அடையாளம் சொல்கிறேன்: கடைசிக்கு முந்தைய வரியில் 27 என்றிருக்கும், கடைசி வரியில் திடீரென்று 9. அந்த ஒன்பது பழைய ஃபைலில் மிஞ்சிய ஒரே வரி, அக்டோபர் மழையில் அளந்தது. அந்தத் தாளில் அளந்த எண் அது ஒன்றுதான்.