சேவலுக்கு அவசரம் தெரியாது

வானொலியில் எனக்கு எல்லாமே நொடிக்கணக்குதான். காலை நிகழ்ச்சிக்காக நான் நான்கு மணிக்கே எழுந்துவிடுவேன். கணவருக்கோ மாலை நேர வேலை. ஓராண்டாக நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரான்சுக்கு விடுமுறையில் சென்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஒரு வேளையாவது நாமே சமைச்சுச் சாப்பிடலாமா?”

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பர்கண்டி வட்டாரத்தின் டிஜோன் நகரில் சமையலறையுடன் கூடிய சிறு வீட்டை மூன்று நாளுக்கு எடுத்திருந்தோம். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தப் பகுதியின் புகழ்பெற்ற உணவு ‘கோக் ஓ வான்’. சிவப்பு வைனில் வேகவைத்த சேவல் குழம்பு என்று சொல்லலாம்.

“நாளைக்குத்தான் சாப்பிட முடியும். முதலில் ஊற வேண்டும்,” என்றார் வீட்டு உரிமையாளரான எழுபது வயது அம்மையார். மூன்று நாள் பயணத்தில் ஒரு குழம்புக்கு இரண்டு நாளா? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரும்பும் கண்ணாடியுமாக நிற்கும் பழைய ‘லே ஆல்’ சந்தைக்குப் போனோம். கோபுரம் புகழ் குஸ்தாவ் ஐஃபெல் 1832ல் பிறந்தது இந்த ஊரில்தான். கோழிக்கடையில் இளங்கோழியை நோக்கி நீண்ட என் கையை அம்மையார் தடுத்தார். வயதான சேவலின் இறைச்சி கடினமானது. வறுத்தால் பல்லுக்கு வேலை வைக்கும். அதை வீணாக்காமல் சாப்பிட விவசாயக் குடும்பங்கள் கண்ட வழிதான் இந்தக் குழம்பு.

சேவல் துண்டுகள், கேரட், வெங்காயம், பூண்டு, தைம் இலை எல்லாவற்றையும் ஒரு போத்தல் வைனில் ஊறவைத்துவிட்டு, மறுநாள் ரயிலேறி அருகிலுள்ள ‘போன்’ நகருக்குப் போனோம். கைப்பேசி இல்லை, ஊரின் பெயரே அதுதான்! 1443ல் நிக்கோலா ரொலான் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை, வண்ண ஓடுகளால் கோலமிட்ட கூரையுடன் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதற்குத் தானமாக வந்த திராட்சைத் தோட்டங்களின் வைன் ஒவ்வொரு நவம்பரிலும் ஏலம் போகிறது. அந்த வழக்கம் 1859ல் தொடங்கியது.

மாலையில் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தோம். புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டுகளை வதக்கி, அந்தக் கொழுப்பிலேயே சேவலைச் சிவக்க வறுத்து, ஊறிய வைனை ஊற்றினோம். பசி தாங்காமல் நான் தீயைக் கூட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் இறைச்சி ரப்பர்!

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அம்மையார் தீயைக் குறைத்தார். “கொதிக்கக் கூடாது, முணுமுணுக்கணும்,” என்றார். கடினமான நார்கள் மெல்லிய சூட்டில்தான் இளகுமாம். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வேறு வழியில்லாமல் நாங்கள் பேசத் தொடங்கினோம். வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

இரவு பத்து மணிக்கு, தனியே வதக்கிய காளானையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்து, மாவும் வெண்ணெயும் பிசைந்து கரைத்துக் குழம்பைக் கெட்டியாக்கினோம். எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்றது. ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டோம்.

சிங்கப்பூரில் சேவல் கிடைக்காவிட்டால் ஈரச்சந்தையில் முற்றிய கோழி வாங்குங்கள். சாதாரணக் கோழித் தொடை என்றால் முக்கால் மணி நேரம் போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெகுநேரம் கொதித்தாலும் மது முழுவதும் போய்விடாது; கொஞ்சம் மிஞ்சும். குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் வேறு குழம்பு வையுங்கள்.

எங்கள் வேலை நேரம் இன்னும் மாறவில்லை. ஆனால் சில சனிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும் அவர், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கோழியை ஊறவைக்கிறார். ஞாயிறு மாலை நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன், மெல்லிய தீயில்.