ஆறு போன வழி – நிறைவுப் பகுதி: தாழங்குடா

எங்கள் காவேரிப்பட்டினத்தில் காவேரியும் இல்லை, கடலும் இல்லை. ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி எங்களிடம் வருகிற ஆறு. அது கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தொடரை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் கடலூரை ஒட்டிய தாழங்குடாவுக்குப் போனேன். கார்த்திகையில் போனவன் தையில்தான் திரும்பினேன்.

காரணம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று ஓய்ந்ததும் பையைக் கட்டினேன். புயலோ உள்ளே நகர்ந்து போய் எங்கள் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலை, இதே ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். தாழங்குடா, நாணமேடு, குண்டு உப்பலவாடி என்று கரையோர ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றன. அரசூரில் நெடுஞ்சாலையே முழுகிவிட்டது. நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியம்மா மாடிப்படியில் உட்கார்ந்தபடி கேட்டார்:

“ஏன் தம்பி, இது ஒங்க ஊருத் தண்ணிதானே? வரதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வழி திறந்த பிறகும் ஏன் வரவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். சேறு அள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு நனைந்த அரிசியைக் காயவைக்க வேண்டியிருந்தது. அதற்குள் படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. விடியலில் மீன் ஏலம் பார்க்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. பெங்களூராவையும் செந்தூராவையும் வாசனையிலேயே பிரித்துச் சொல்லுகிற மாங்காய் ஊர்க்காரன் நான். சங்கராவுக்கும் கானாங்கெளுத்திக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றதில் அங்கிருந்த பெண்களுக்குத் தினமும் நல்ல பொழுதுபோக்கு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் அங்கே பேர் இருக்கிறது. எங்களுக்கு எல்லாம் காற்றுதான்.

தெற்கே தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள். 1690இல் கிழக்கிந்தியக் கும்பினி மராத்தியரிடம் வாங்கிய கோட்டை இது. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் தகர்த்தார்கள். எங்கள் ஊர்க் கோட்டையை 1767இல் பிடித்த ஹைதர் அலியின் படை, 1782இல் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து கடலூரையும் பிடித்தது. ஆற்றைத் தவிர இரண்டு ஊருக்கும் உள்ள உறவு இந்தச் சண்டைக் கணக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

முகத்துவாரத்துக்கு மாலையில் போவேன். செம்பழுப்பாக வரும் ஆற்றுநீர் கடலுக்குள் கொஞ்ச தூரம் தனியாகத் தெரிந்து, பிறகு கலந்துவிடும். கரையில் ஒதுங்கியவை வேரோடு வந்த மரங்கள், ஒற்றைச் செருப்புகள், பிளாஸ்டிக் பாட்டில்கள். ஓசூர் தொடங்கி விழுப்புரம் வரை நாங்கள் ஆற்றில் தள்ளியதெல்லாம் இந்த ஊர் மீனவர்கள் வலையில்தான் ஏறுகிறது. இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் ஆறு கொடுக்கும் ஊர்களைப் பற்றி. வாங்கிக்கொள்ளும் ஊர் இது ஒன்றுதான்.

பொங்கல் முடிந்ததும் புறப்படுகிறேன் என்றேன். “ஆத்துத் திருவிழா பாக்காமலா?” என்று நிறுத்திவிட்டார் பெரியம்மா. தை 5 அன்று சுற்று வட்டாரத்துச் சாமிகள் பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. மணலில் ராட்டினம், பலூன், வளையல் கடை, குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு. ஒன்றரை மாதத்துக்கு முன் வீட்டுக்குள் வந்து அடுப்பை அணைத்த அதே ஆற்றுக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள். அவர்கள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கிளம்பிய அன்று பெரியம்மா நெத்திலிக் கருவாட்டை நாலு சுற்றுத் தாளில் கட்டிக் கொடுத்தார். அப்படியும் திருவண்ணாமலை வரை பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கடைசி வார வாடகையை வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தியபோது, “அடுத்த மழைக்கு ஒங்க ஊர்ல தண்ணி ஏறுனா ஒரு போன் போடுப்பா, அது போதும்” என்றார். எண்ணைக் குறித்துக்கொண்டேன். சாலை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் ஒருமுறையாவது தாழங்குடாவுக்குப் போய்விட்டு வாருங்கள். தை 5ஐ ஒட்டிப் போனால் சுருளிக்கிழங்கும் கிடைக்கும்.